எல்க் மானுக்கு எந்தத் தோட்டா? அதற்கு முன் எந்தத் தூரம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். .308 வின்செஸ்டர் ரைஃபிளில் இலக்குப் பலகையைச் சுட்டுப் பழகியிருக்கிறீர்கள். அடுத்த பருவத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட அனுமதி கிடைத்திருக்கிறது. அங்கே பள்ளத்தாக்குக்கு எதிர்ச்சரிவில் நிற்கும் மானை 600 மீட்டரிலிருந்து சுட வேண்டி வரலாம் என்று உடன் வருபவர்கள் சொல்கிறார்கள். அதற்கு 6.5 கிரீட்மூர், 7 மி.மீ. பி.ஆர்.சி., .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்று தோட்டா வகைகளில் எதை வாங்கலாம் என்பது கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இன்று நம்பிக்கையோடு சுட முடியாத தூரத்தில், பெரிய தோட்டா ஒன்றை வாங்கிவிட்டால் மட்டும் சுட்டுவிட முடியுமா என்பதே அது. முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். பெரிய தோட்டா, அதன் நுனியிலிருந்து பறக்கும் குண்டு தன் வேலையைச் செய்யும் தூரத்தை நீட்டும். நீங்கள் குறி தவறாமல் சுடும் தூரத்தை அது அவ்வளவாக நீட்டாது. சிலருக்குக் குறைத்தும் விடும். ரைஃபிள் பயிற்சி அளிப்பதும் வேட்டைப் பருவத்தில் வழிகாட்டியாகப் போவதும் என் தொழில். அடிபட்டுத் தப்பிப் போன மானை இருட்டில் தேடி அலைந்தவர்களுடன் நானும் அலைந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காற்றிலிருந்து தொடங்க வேண்டும். குண்டு தூரத்துக்கு ஏற்பக் கீழே இறங்குவது இப்போது பெரிய சிக்கல் அல்ல. லேசர் தூரமானி தூரத்தைச் சில மீட்டர் பிசகுக்குள் காட்டிவிடுகிறது. ஸ்கோப் என்ற குறிநோக்கியின் திருகைத் திருப்பினால் இறக்கம் ஈடுகட்டப்பட்டுவிடும். புவியீர்ப்பு இன்று இழுப்பது போலத்தான் நாளையும் இழுக்கும். காற்று அப்படி இல்லை. நீங்கள் படுத்திருக்கும் மேட்டில் ஒரு வேகம், நடுப் பள்ளத்தில் வேறொரு வேகம், மான் நிற்கும் சரிவில் சில சமயம் எதிர்த்திசையே. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் நாலரை மீட்டர் வேகத்தில் குறுக்காக வீசும் காற்று, கடல்மட்டக் கணக்கில் 600 மீட்டர் தூரத்துக்குள் 6.5 கிரீட்மூரின் 143 கிரெயின் (சுமார் 9.3 கிராம்) குண்டைச் சுமார் 70 செ.மீ. தள்ளுகிறது. 7 மி.மீ. பி.ஆர்.சி.யின் 175 கிரெயின் குண்டைச் சுமார் 54 செ.மீ. தள்ளுகிறது. இந்த 16 செ.மீ. வித்தியாசம் உண்மையானது. பெரிய தோட்டாவை விரும்புகிறவர்கள் காட்டும் மிக வலுவான காரணமும் இதுதான்.

இதே கணக்கை இப்படியும் பாருங்கள். காற்றின் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் தவறாகக் கணித்தால், கிரீட்மூரில் 15 செ.மீ. விலகும், பி.ஆர்.சி.யில் 12 செ.மீ. விலகும். இரண்டு மீட்டர் தவறாகக் கணித்தால் 30, 24. எல்க் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 35 முதல் 40 செ.மீ. அகலம். அதன் நடுவில் குறிவைத்தால் இருபுறமும் 20 செ.மீ.க்கு உள்ளாகத்தான் இடம் இருக்கிறது. ஆக, இரண்டு மீட்டர் பிசகினால் இரண்டு தோட்டாவுமே நுரையீரலைத் தவறவிடும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதைப் பொறுத்துக் குண்டு வயிற்றுக்கோ கழுத்தடிக்கோ போகும். வயிற்றில் அடிபட்ட எல்க் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வீசும் காற்றை நொடிக்கு இரண்டு மீட்டருக்குள் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் என் அனுபவத்தில் மிகச் சிலர். அவர்களும் எல்லா நாளும் சொல்வதில்லை. 300 மீட்டரில் அதே இரண்டு மீட்டர் பிசகு கிரீட்மூரை வெறும் 7 செ.மீ.தான் விலக்கும். தூரம் இரட்டிப்பானால் காற்றுப் பிழை நான்கு மடங்குக்கும் மேலாகிறது. எந்தத் தோட்டாவும் இதிலிருந்து விடுவிக்காது.

இன்னொரு விஷயமும் தோட்டாவுக்கு அப்பாற்பட்டது. 600 மீட்டரைக் கடக்கக் கிரீட்மூருக்குச் சுமார் 0.88 நொடியும் பி.ஆர்.சி.க்குச் சுமார் 0.78 நொடியும் ஆகின்றன. மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஓர் அடி எடுத்து வைக்க அவ்வளவு நேரம் போதும். நீங்கள் விசையை இழுத்த கணத்தில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். குண்டு போய்ச் சேரும்போது நுரையீரல் இருந்த இடத்தில் வயிறு இருக்கும்.

இனி குண்டு. கடைகளில் பேச்செல்லாம் தோட்டாவின் பெயரைப் பற்றியே நடக்கிறது. விலங்கின் உடலுக்குள் போவது தோட்டாவின் நுனியில் இருக்கும் குண்டு மட்டும்தான். வேட்டைக் குண்டு உடலில் பட்டதும் நுனி மலர்ந்து, தன் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகன்று, நுரையீரலைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். இரத்த இழப்பால் மூளைக்கு இரத்தத்தைச் செலுத்தும் அழுத்தம் விழுவதால்தான் மான் சாகிறது. இப்படி மலர்வதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. ஈயக் கருவும் செம்பு உறையும் கொண்ட பெரும்பாலான வேட்டைக் குண்டுகளுக்கு அது நொடிக்குச் சுமார் 550 மீட்டர். முழுச் செம்புக் குண்டுகள் பலவற்றுக்கு 600 மீட்டருக்கு மேல். நீண்ட தூரத்துக்கென்றே செய்யப்பட்ட சில குண்டுகள் 500க்கு அருகிலும் மலரும். குறைந்த வேகத்தில் பட்ட குண்டு என்ன செய்கிறது என்பதைத் தோலுரிக்கும்போது பார்க்கலாம். உள்ளே போன துளையும் வெளியே வந்த துளையும் ஒரே அளவில், சுண்டுவிரல் நுனி நுழையாத அகலத்தில் இருக்கும். நுரையீரலில் அதே அகலத்துக்கு ஒரு கோடு, அதைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறம் மாறாத நல்ல திசு. நன்றாக மலர்ந்த குண்டு போன நுரையீரலில் கைமுட்டி அளவுக்குக் கறுஞ்சிவப்பாய்க் கூழாகிக் கிடக்கும். இரண்டு மானுக்கும் ஒரே இடத்தில்தான் அடி. ஒன்று பார்வையை விட்டு மறைவதற்குள் விழும். மற்றது அடுத்த மலைமுகட்டைத் தாண்டிப் போகும்.

எனவே ஒரு தோட்டாவைப் பார்த்து நீங்கள் கேட்க வேண்டியது, இந்தக் குண்டு எந்தத் தூரத்தில் நொடிக்கு 550 மீட்டருக்குக் கீழே போகிறது என்பதைத்தான். நீண்ட தூரக் குண்டுகளை வைத்துக் கடல்மட்டக் காற்றுக்குக் கணக்கிட்டால், உங்கள் .308 சுமார் 500 மீட்டரில் அந்த எல்லையைத் தொடுகிறது. கிரீட்மூர் 640 மீட்டரை ஒட்டி, .300 வின்செஸ்டர் மேக்னம் 200 கிரெயின் குண்டோடு 750ஐ ஒட்டி, 7 மி.மீ. பி.ஆர்.சி. 850ஐத் தாண்டி. கொலராடோவில் எல்க் மேயும் 2,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அதனால் இந்த எல்லைகள் எல்லாம் இன்னும் தள்ளிப் போகும். முழுச் செம்புக் குண்டைப் போட்டால் எல்லை சட்டென்று அருகே வந்துவிடும். கிரீட்மூரில் 400 மீட்டரை ஒட்டியே நின்றுவிடலாம். ஈயக் குண்டுக்குத் தடை உள்ள இடங்களில் வேட்டையாடுபவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத தோட்டாதான் சட்டம்.

நீண்ட தூரத்தை மட்டும் நினைத்து மிக மென்மையான குண்டைத் தேர்ந்தெடுப்பதும் ஆபத்து. 600 மீட்டர் என்று தயாராகிப் போனவர் முன்னால் எல்க் 50 மீட்டரில் மரங்களுக்கிடையே வந்து நிற்பது வழக்கமான நிகழ்ச்சி. அந்தத் தூரத்தில் பி.ஆர்.சி.யின் குண்டு நொடிக்குச் சுமார் 890 மீட்டர் வேகத்தில் தோள்பட்டை எலும்பில் மோதும். மென்மையான குண்டு அங்கேயே சிதறி, நுரையீரலை எட்டாமல் நின்றுவிடும். இந்தத் தொல்லை பழையது. 1940களில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர், பெரிய மூஸ் மான் ஒன்றில் தன் குண்டுகள் ஆழம் போகாததைக் கண்டபின்தான், நடுவில் தடுப்புச் சுவர் வைத்து முன்பாதி மலர்ந்தாலும் பின்பாதி குலையாமல் போகும் குண்டை உருவாக்கினார். இன்று ஈயத்தையும் உறையையும் பற்றவைத்து இணைத்த குண்டுகள் அதே வேலையைச் செய்கின்றன. எல்க் போன்ற கனத்த விலங்குக்கு இப்படிப்பட்ட ஒன்றைத்தான் நான் சொல்வேன். போட்டிகளில் காகிதத்தைச் சுடுவதற்கான குண்டுகளை எல்க்குக்குப் பயன்படுத்திப் புகழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விழுத்திய மான்களும் உண்மைதான். ஆனால் அந்தக் குண்டு எலும்பில் பட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் ஒரு சீர்மை இல்லை. நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இதுவரை சொன்ன எண்கள் இயற்பியல். அவற்றில் பெரிய சர்ச்சை இல்லை. ஆற்றல் கணக்கு அவ்வளவு உறுதியானது அல்ல. சாதாரண மானுக்கு 1,000 அடி-பவுண்டு, எல்க்குக்கு 1,500 அடி-பவுண்டு வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜூல் கணக்கில் இவை சுமார் 1,350, 2,000. இந்த எல்லைகள் பழக்கத்தால் நிலைத்தவை. 1,490இல் எல்க் பிழைத்துக்கொள்ளும், 1,510இல் விழும் என்று எந்த உடற்கூறும் சொல்லவில்லை. சட்டங்கள் வைத்திருக்கும் எண்களும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. கொலராடோவில் எல்க்குக்கு 0.24 அங்குலக் காலிபரும் (குழலின் உள்விட்டம்) 85 கிரெயின் மலரும் குண்டும், 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் இருந்தால் போதும். ஜெர்மனியில் செம்மான் போன்ற பெரு விலங்குகளுக்கு 6.5 மி.மீ. காலிபரும் 100 மீட்டரில் 2,000 ஜூலும் வேண்டும். நீங்கள் கேட்ட மூன்று தோட்டாக்களும் இரண்டு சட்டத்தையும் எளிதாகத் தாண்டுகின்றன. ஆகவே சட்டம் உங்களுக்குத் தேர்வு செய்து தராது. 6.5 மி.மீ. குண்டு எல்க்குக்குப் போதுமா என்ற வாக்குவாதமும் இதே வகையைச் சேர்ந்தது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் 6.5×55 தோட்டாவால் எல்க்கைவிடப் பெரிய மூஸ் மான்களை நூறாண்டுக்கு மேலாக வேட்டையாடி வருகிறார்கள். அதை நான் வலுவான சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேட்டை பெரும்பாலும் காட்டுக்குள், கிட்டத்தில், கனமான குண்டால் நடப்பது. அதைக் காட்டி 600 மீட்டர் சரி என்று வாதிடுவது பொருந்தாது.

பின்னுதைப்பைப் பற்றி யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. ஸ்கோப்போடு 3.6 கிலோ எடையுள்ள ரைஃபிளில் கிரீட்மூர் சுமார் 18 ஜூல் உதைக்கிறது. உங்கள் .308 சுமார் 24. பி.ஆர்.சி. 38க்கு அருகில். .300 மேக்னம் 45ஐத் தாண்டும். பயிற்சிக்கு வருபவரிடம் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அவர் பார்க்காதபோது தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்து இல்லாத பயிற்சித் தோட்டா ஒன்றை மேகசினில் வைத்துவிடுவேன். இரண்டு தோட்டா வெடிக்கும். மூன்றாவதில் டிக் என்ற சத்தம் மட்டும் வரும். அந்தக் கணத்தில் குழல்முனையைப் பார்க்க வேண்டும். உதைப்பே இல்லாதபோதும் முனை கீழே குத்தும், தோள் முன்னால் தள்ளும், கண் மூடித் திறக்கும். தனக்கு அந்தப் பழக்கமே இல்லை என்று உறுதியாகச் சொன்னவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். 600 மீட்டரில் அந்தக் குத்தல் மானின் உடலையே தவறவிடப் போதும். குழல்முனையில் உதைப்புக் குறைப்பான் பொருத்தினால் உதைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் சத்தம் சுடுபவரின் காதையும் அருகில் படுத்திருப்பவரின் காதையும் தாக்கும்; காதுக்கவசம் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. அதைவிடச் சத்தமடக்கி நல்லது, அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடங்களில்.

இப்போது மூன்று தோட்டாக்களுக்கு வருகிறேன். .300 வின்செஸ்டர் மேக்னம் 1963இல் வந்தது. தோட்டாக் கூட்டின் அடியில் உள்ள பட்டை 1912இன் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பரம்பரையிலிருந்து வந்த எச்சம். கழுத்தை நோக்கிச் சரிந்து குறுகும் தோள் உள்ள தோட்டாவுக்கு அது தேவையே இல்லை. கழுத்தும் குட்டை, அதனால் இன்றைய நீளமான குண்டுகள் கூட்டுக்குள் ஆழமாக இறங்க வேண்டியிருக்கிறது. குறைகள் இருந்தாலும் நிரூபிக்கப்பட்ட தோட்டா. பயணத்தில் உங்கள் பெட்டி தொலைந்தால், வேட்டை நடக்கும் சிற்றூர்க் கடையிலும் கிடைக்க வாய்ப்புள்ளது இதுதான். 7 மி.மீ. பி.ஆர்.சி. 2022இல் வெளியானது. நீளமான, காற்றை எளிதில் பிளக்கும் குண்டுகளை மனத்தில் வைத்தே வரையப்பட்டது. குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புற வரி எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. இந்த எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. 1962இன் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்துக்குச் செய்யப்பட்ட பழைய ரைஃபிள்கள் பலவற்றில் வரி ஒன்பது அல்லது ஒன்பதரை அங்குலத்துக்கு ஒரு சுற்று. அங்கே இவ்வளவு நீளமான குண்டு போதிய சுழற்சி பெறாமல் தடுமாறலாம். தோட்டாவின் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உங்கள் குழலின் வரி உங்கள் குண்டுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கிரீட்மூர் 2007இல் இலக்குப் போட்டிக்காகப் பிறந்தது. உதைப்பு குறைவு, துல்லியம் எளிது, எல்க்குக்கு 400 மீட்டருக்குள் நல்ல குண்டோடு அது போதும் என்பது என் கருத்து. 600 மீட்டரில் வேகம் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. காற்று, வெப்பநிலை, குழலின் நீளம் எது சற்று மாறினாலும் கீழே போய்விடும்.

என்னைக் கேட்டால், முதல் வருடத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் .308ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட தூரத்துக்கான நல்ல வேட்டைக் குண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது 350 அல்லது 400 மீட்டர் வரை எல்க்குக்குச் சரியாக வேலை செய்யும். பிறகு 25 செ.மீ. அகலத் தட்டு ஒன்றை வைத்து, மேசையில் அல்லாமல், காட்டில் சுடுவது போலப் பையின் மேலோ முக்காலியின் மேலோ ரைஃபிளைத் தாங்கி, மேடேறி வந்து மூச்சு வாங்கும் நிலையில், குழல் குளிர்ந்திருக்கும்போது ஒரே ஒரு தோட்டா சுடுங்கள். அன்றைக்கு அந்தத் தூரத்தில் அவ்வளவுதான். காற்றுள்ள நாள், இல்லாத நாள் என்று பல நாட்கள் இப்படிச் செய்யுங்கள். முதல் தோட்டா எந்தத் தூரம் வரை தட்டைத் தவறவிடவே இல்லையோ, அதுதான் உங்கள் தூரம். மேசையில் சுட்டால் எல்லாக் குண்டுகளையும் ஓர் அங்குலத்துக்குள் குவிப்பவர்களுக்கும் இந்தச் சோதனையில் பெரும்பாலும் 300 மீட்டரை ஒட்டியே முடிகிறது. உங்களுக்கு 500 வந்தால், .308இன் வேகம் குறுக்கே நிற்கும். அப்போது பி.ஆர்.சி. வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது, நான் மனமார ஆதரிப்பேன். .300 மேக்னத்தை, அதே உதைப்புள்ள ரைஃபிளை ஏற்கெனவே சுட்டுப் பழகியவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

உங்களுடன் வருபவர்கள் 600 மீட்டர் என்று சொல்வதற்கு என் பதில் இது. வழிகாட்டியாகப் போன காலத்தில் எதிர்ச்சரிவு மான்களைப் பெரும்பாலும் சுற்றி நடந்து நெருங்கியிருக்கிறோம். காற்று மானிடமிருந்து நம் பக்கம் வீசும்படி பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தால், 600 மீட்டர் 250 ஆகிவிடுவது அதிசயம் அல்ல. சில சமயம் நெருங்கும்போது மான் போய்விடும். போனால் போகட்டும், முழு உடலோடு போகிறது. ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். என் அனுபவமெல்லாம் மான், எல்க் வகைகளில்தான். திருப்பித் தாக்கக்கூடிய பெருங்கரடி போன்றவற்றுக்கு இந்தக் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தேவைகள் வேறு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், தூரத்தில் சுடுபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இதில்தான். சுட்டவுடன் எழுந்து நிற்காதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு ஸ்கோப் வழியாகவே பார்த்துக்கொண்டிருங்கள். நுரையீரலில் அடிபட்ட எல்க் எந்த அறிகுறியும் காட்டாமல் நூறு மீட்டர் நடப்பது உண்டு; தவறிவிட்டது என்று நினைத்துத் தேடாமல் வந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது நின்றிருந்த இடத்துக்கு அருகே தனித்துத் தெரியும் மரத்தையோ பாறையையோ மனத்தில் பதியுங்கள், முடிந்தால் ஸ்கோப் வழியாகவே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் சரிவின் தோற்றமே மாறிவிடும். ஒருவர் சுட்ட இடத்திலேயே இருந்து கைச்சைகையால் வழிகாட்ட, இன்னொருவர் போக வேண்டும். அதற்கும் நேரம் பிடிக்கும். எனவே மாலை வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், தூரம் உங்கள் எல்லைக்குள் இருந்தாலும், பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் மானைச் சுடாதீர்கள்.